சரீரப் பிணை

பலாங்கொடை பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு ஹாட்வெயார் கடையின் மாடியில் எனக்கு அலுவலகம் இருந்தது. அறை முழுவதும் என்னுடையது அல்ல. நடுவில் பலகைத் தட்டி வைத்து இரண்டாக்கி, ஒரு பாதியில் நானும் மறுபாதியில் இன்னொரு சட்டத்தரணியும் இருந்தோம். அவர் சிங்களவர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் நகருக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். நீதிமன்றத்தில் நாங்கள் பல வழக்குகளில் எதிரெதிர்ப் பக்கம் நின்றோம். மத்தியானம் ஒரே மேசையில் சோற்றுப் பார்சலைப் பிரித்தோம்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. புதிதாக நிறைவேறும் சட்டங்களை எல்லாம் கொழும்பிலிருந்து வரவழைத்து, ஊசி நூலால் தைத்து, அட்டை போட்டு அடுக்கி வைப்பார். எங்கள் ஊரில் பெரும்பாலான சட்டத்தரணிகள் புதிய சட்டத்தை, எதிர்த்தரப்பு அதை எடுத்து நீட்டும்போதுதான் முதன்முதலில் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான். அவர் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து, "மிஸ், இதைக் கேளுங்கள்" என்று சிங்களத்தில் வாசிக்கத் தொடங்குவார். தொண்ணூற்றேழில் வந்த பிணைச் சட்டம் எனக்கு அப்படித்தான் அறிமுகமானது. பிணை கொடுப்பதுதான் விதி, மறுப்பது விதிவிலக்கு என்ற அதன் அடிப்படையை அவர் இரண்டு முறை வாசித்துவிட்டு, "இதைத் தோட்டத்து வழக்குகளில் பயன்படுத்திப் பாருங்கள்" என்றார்.

பயன்படுத்திப் பார்க்க ஒரு வழக்கு மறுவருடம் வந்தது.

நான் பிறந்த தோட்டத்தின் மேல் பிரிவு லயத்தில் இருந்த ஓர் இளம்பெண், அடுப்புக்காக சவுக்கு மரக் கிளையொன்றை வெட்டியிருக்கிறாள். காவலாளி கத்தியைப் பிடுங்கப் போக, அவள் தள்ளிவிட, அவர் மழைநீர்க் கானுக்குள் விழுந்து கை முறிந்துவிட்டது. பொலிஸார் அவளை நீதவான் முன் நிறுத்தினார்கள். அவள் விளக்கமறியல் சிறைக்குப் போனாள். ஏழு மாதக் கைக்குழந்தையும் கூடவே போனது. அவளுடைய கணவன் கொழும்பில் ஏதோ கடையில் வேலை செய்தான். அவனுக்குச் சேதி போய்ச் சேரவே நாலு நாள் ஆகிவிட்டது.

என்னைத் தேடி மாடிப்படி ஏறி வந்தது கணவன் அல்ல. அதே லயத்தில் இருந்த ஒரு கொழுந்துக்காரப் பெண். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து, நாற்பத்தாறு வயது இருக்கும். ஒல்லியான, உயரமான உருவம். கொழுந்துக்கூடையின் கயிறு நெற்றியில் பதித்த தழும்பு, கூடை இல்லாதபோதும் தெரிந்தது. கல்யாணம் செய்துகொள்ளாதவர். படுக்கையில் கிடந்த தாயைப் பத்து வருடங்களுக்கு மேல் தனியாகப் பார்த்து, அடக்கம் செய்துவிட்டு, லயத்தின் அதே ஒற்றை அறைக் காம்பராவில் தனியாக இருந்தார். தோட்டத்தில் எல்லோரும் அவரை அக்கா என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"அந்தப் புள்ள யாருங்க உங்களுக்கு? சொந்தமா?" என்று கேட்டேன்.

"சொந்தமெல்லாம் இல்ல மிஸ். பக்கத்துக் காம்பரா. அது அழுதா எனக்குக் கேக்கும், நான் இருமுனா அதுக்குக் கேக்கும். அவ்வளவுதான்."

வழக்குத் தவணை நாளில் நான் பிணைச் சட்டத்தை எடுத்து வாதாடினேன். பொலிஸார் ஆட்சேபித்தார்கள். நீதவான் சட்டப் பிரதியை வாங்கிப் புரட்டினார். குழந்தை தாயின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் கொஞ்சநேரம் அதைப் பார்த்தார். பிறகு சரீரப் பிணையில் விடுவிக்கக் கட்டளையிட்டார். அதாவது, காசு கட்ட வேண்டியதில்லை. இவள் வழக்குக்கு வருவாள் என்று பொறுப்பேற்றுக் கையெழுத்திட ஒரு பிணையாளி இருந்தால் போதும்.

"நான் நிக்கிறேன் மிஸ்" என்று அக்கா முன்னால் வந்தார். மடித்துக் கட்டிய வெள்ளைச் சேலையில், காலையிலேயே அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார்.

பதிவாளரின் ஜன்னலுக்குக் கூட்டிப்போனேன். அவர் தலை நிமிராமல் அடையாள அட்டையைக் கேட்டார். அக்கா தன் பையிலிருந்து ஒரு பொலித்தீன் உறையை எடுத்து, அதற்குள்ளிருந்து ஒரு சிறிய புத்தகத்தை நீட்டினார். இந்தியக் கடவுச்சீட்டு. எழுபதுகளில் கொடுத்தது. எத்தனையோ வருடங்களுக்கு முன்னரே காலாவதியானது.

பதிவாளர் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். "மேக்க இந்தியாவே எக்கக்னே" என்றார். இது இந்தியாவுடையதல்லவா என்று. குரலில் கடுமை இல்லை. கிட்டத்தட்ட வருத்தம்தான் இருந்தது.

அந்த நிமிடத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு சட்டத்தரணி பிணையாளியை நிறுத்துவதற்கு முன் அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியை நான் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணமும் எனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்துக்குப் பிரஜாவுரிமை ஐம்பதுகளிலேயே கிடைத்துவிட்டது. என் அப்பாவின் பெட்டியில் அந்தப் பத்திரம் இருந்தது. அதனால்தான் நான் சட்டக் கல்லூரிக்குப் போக முடிந்தது. அதே தோட்டத்தில் பிறந்த அக்காவின் அப்பா, அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, பிறகு தோட்டத்து ஆட்களை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட அறுபத்து நாலு ஒப்பந்தப்படி இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்தவர். அவருக்கும் பிள்ளைகளுக்கும் கடவுச்சீட்டு வந்தது. போவதற்குள் அவர் இறந்தார். அடுத்து தாய் படுத்தார். படுத்தவரைத் தூக்கிக்கொண்டு கப்பலேற முடியாமல் அக்கா தங்கினார். எண்பத்து நாலில் தலைமன்னார்க் கப்பலே நின்றுவிட்டது.

"ஆக, இவங்களுக்கு நான் ஆளே இல்ல" என்றார் அக்கா வெளியே வந்ததும். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கை முடித்துச் சொல்வதுபோல் சொன்னார். பிறகு, "கோட்டு எத்தன மணி வரைக்கும் இருக்கும் மிஸ்?" என்று கேட்டார்.

"நாலு மணி. ஆனா நீதவான் ரெண்டு, ரெண்டரைக்கு எறங்கிடுவார்."

அப்போது பத்தே முக்கால். அவர் நேரே பஸ் நிலையத்துக்கு நடந்தார்.

ஒன்றரை மணிக்கு அவர் திரும்பி வந்தபோது கூடவே ஒரு சிங்களப் பெண் இருந்தார். தோட்டத்துக்குக் கீழே இருந்த கிராமத்தில் வயல் வைத்திருப்பவர். முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. கழுவக்கூட நேரம் கொடுக்காமல் அக்கா கூட்டி வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வயலில் நாற்று நடப் போய்த்தான் அக்கா சிங்களம் கற்றாராம். என்னுடையது பள்ளிக்கூடத்துச் சிங்களம். அவருடையது வயல்வரப்பில் பழகியது. கேட்டால் கிராமத்துக்காரி என்றுதான் நினைப்பீர்கள்.

அந்தப் பெண்ணிடம் அடையாள அட்டை இருந்தது. வரும் வழியில் கிராம சேவகரின் அத்தாட்சியையும் வாங்கி வந்திருந்தார்கள். ஆனால் நீதவான் நேரடியாகவே கேட்டார்.

"சந்தேக நபரை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது ஐயா" என்றார் அந்தப் பெண்.

எனக்கு மனம் சோர்ந்துவிட்டது. தெரியாத ஒருவருக்கு யார் பிணை நிற்பது.

"தெரியாமல் எப்படிப் பொறுப்பெடுக்கிறீர்கள்?"

அந்தப் பெண் திரும்பி, பின்வரிசையில் நின்ற அக்காவைக் காட்டினார். "அவளைத் தெரியும். பதினெட்டு வருடமாகத் தெரியும். இந்தப் பிள்ளை தவணைக்கு வரும் என்று அவள் சொன்னாள். சொன்னால் கூட்டி வருவாள்."

நீதவான் என்னைப் பார்த்தார். நான் எழுந்து, பின்னால் நிற்பவர் ஏன் தானே பிணை நிற்க முடியவில்லை என்பதை விளக்கினேன். அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டார். சாயங்கால பஸ்ஸில் தாயும் குழந்தையும் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். அந்த வழக்கு ஒரு வருடத்துக்கு மேல் இழுத்து, சமரசத்தில் முடிந்தது. ஒரு தவணைகூட அந்தப் பெண் தவறவில்லை. ஒவ்வொரு தவணைக்கும் அக்கா ஒருநாள் வேலையை விட்டுவிட்டு அவளோடு வந்தார்.

அதற்குப் பிறகு அக்காவின் காகிதங்களைச் சரிசெய்வதை நான் என் வேலையாக எடுத்துக்கொண்டேன். சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். எண்பத்தெட்டில் நாடற்றவர்களுக்காக ஒரு சட்டம் வந்திருந்தது. அதன்கீழ் எழுதிப் போட்டேன். பதில் வந்தது: இவர் நாடற்றவர் அல்ல, இந்தியப் பிரஜை. இந்தியத் தரப்புக்கு எழுதிக் கேட்டால், கடவுச்சீட்டைப் புதுப்பித்துக்கொண்டு வரலாம் என்றார்கள். எங்கே வருவது? அவர் பார்த்தே இராத ஊருக்கு. மூன்று முறை எழுதினேன். மூன்றாவது பதிலையும் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"விடுங்க மிஸ்" என்றார். "சட்டத்துல எடமில்லேன்னா நீங்க என்னா செய்வீங்க. எடம் வரும்போது சொல்லியனுப்புங்க."

அவர் அதைச் சொன்ன விதத்தில் நம்பிக்கை இழந்த தொனியே இல்லை. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பவர்போல் இருந்தது.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டின் கடைசியில் இடம் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். நண்பர் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து வாசிக்கவில்லை. எழுந்து என் பக்கமே வந்துவிட்டார். கையில் இன்னும் தைக்காத தாள்கள். இந்திய வம்சாவளி ஆட்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம். அறுபத்து நாலாம் ஆண்டு ஒக்டோபர் முப்பதாம் திகதியிலிருந்து இந்த நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும், இனி இந்த நாட்டின் பிரஜைகள். விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டு, சமாதான நீதவானிடம் அத்தாட்சி பெற்றால் போதும்.

"அடுத்த பிரிவைப் பாருங்கள்" என்றார்.

பார்த்தேன். இந்தியப் பிரஜாவுரிமை கிடைத்தும் போகாமல் இங்கேயே தங்கிவிட்டவர்களுக்கானது. இலங்கைப் பிரஜையாக இருக்கத் தாமாக விரும்புவதாகத் தனியாக ஒரு பிரகடனம் செய்தால், அவர்களுக்கும் உண்டு.

நான் சாப்பிட்ட கையோடு அந்தப் பக்கத்தைத் தொட்டுவிட்டேன். பருப்புக் கறையோடு அது இன்னமும் அவருடைய அடுக்கில் இருக்கிறது.

அக்காவுக்குச் சொல்லியனுப்பினேன். மறுநாளே வந்தார். அந்தப் பிரிவைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இன்னொரு தடவ வாசிங்க மிஸ்" என்றார். வாசித்தேன். "இதயே சிங்களத்துல அந்த மாத்தயாவ வாசிக்கச் சொல்லுங்க" என்றார். நண்பர் வாசித்தார். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வரிக்கும் அக்கா தலையசைத்தார். பிறகு அவர் சொன்னது எனக்கு எதிர்பாராதது.

"என்னோடது கெடக்கட்டும். எங்க தோட்டத்துல எத்தன பேருக்கு இது வேணும் தெரியுமா? ஒரு ஞாயித்துக்கெழம நீங்க ரெண்டு பேரும் மேல வர ஏலுமா?"

நண்பர் என்னை முந்திக்கொண்டு, "மங் என்னங்" என்றார். வருகிறேன் என்று.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான்கு மேசைகள் போட்டிருந்தார்கள். நாங்கள் போவதற்கு முந்தின மூன்று சாயங்காலங்களும் அக்கா லயம் லயமாகப் போய், யார் யார் எதைக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்தார். பிறப்புச் சாட்சிப்பத்திரம் இருப்பவர்கள் ஒரு வரிசை. இல்லாதவர்கள் இன்னொரு வரிசை. அப்பா அம்மாவின் காகிதம் மட்டும் இருப்பவர்கள் மூன்றாவது. நான் பல சட்ட உதவி முகாம்களுக்குப் போயிருக்கிறேன். இத்தனை ஒழுங்கான வரிசையை எங்கும் பார்த்ததில்லை.

பெரிய சிக்கல் பெயர்களில்தான் இருந்தது. ஒரே ஆளுடைய பெயர், பிறப்புப் பதிவில் ஒரு மாதிரி, தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் ஒரு மாதிரி, பள்ளிக்கூடத்தில் ஒரு மாதிரி இருந்தது. எழுதியவர்கள் காதில் விழுந்ததை எழுதியிருந்தார்கள். நண்பர் ஒரு ஏற்பாடு செய்தார். படிவத்தில் எழுதிய பெயரை ஒவ்வொருவருக்கும் உரக்க வாசித்துக் காட்டுவது. அந்த ஆள் "ஆமாம், அது நான்தான்" என்று சொன்ன பிறகே கையெழுத்து. அவருக்குத் தமிழ்ப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. தப்பாக வாசிக்கும்போதெல்லாம் கூட்டம் சிரித்தது. அவர் சளைக்காமல் மறுபடி வாசித்தார். மாலைக்குள் அவருக்கு ழகரம் ஓரளவு பிடிபட்டுவிட்டது.

அக்கா அன்று முழுவதும் உட்காரவில்லை. எல்லோரும் முடிந்து, மேசைகளைத் தூக்கும் நேரத்தில்தான் தன் பொலித்தீன் உறையோடு வந்தார்.

அவருடையது எல்லாவற்றையும்விடக் கஷ்டம். பிறப்புப் பதிவு கிடைக்கவில்லை. அவர் பிறந்த காலத்துத் தோட்டப் பதிவேடு மழையில் நனைந்து போயிருந்தது. அறுபத்து நாலுக்கு முன்னர் இங்கே இருந்தார் என்று எப்படிக் காட்டுவது? நான் யோசித்துக்கொண்டிருந்தபோது நண்பர் அந்தப் பழைய கடவுச்சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பக்கத்தைத் திருப்பினார். பிறகு என் முன்னால் வைத்து, ஒரு வரியில் விரலை வைத்தார்.

பிறந்த இடம்: பலாங்கொடை.

பக்கத்தில் பிறந்த வருடம். நான் அந்தப் புத்தகத்தை எத்தனையோ முறை கையில் எடுத்திருக்கிறேன். அட்டையைப் பார்த்ததும் இது நம்மைத் தடுக்கும் காகிதம் என்று மட்டுமே நினைத்தேன். உள்ளே வாசிக்கவில்லை. அவர் வாசித்தார். அதோடு, அக்கா பத்து வயதில் கைக்காசுக்குப் பிள்ளைகளோடு கொழுந்து எடுக்கப் போன வருடத்து செக்ரோல் ஒன்று, தோட்டத்து அலுவலகத்தின் மேல்தட்டில் இருந்து கிடைத்தது. தலைமைக் கிளாக்கர் ஐயா ஏணி வைத்து ஏறி எடுத்துக் கொடுத்தார். அவரும் பாராட்டுக்குரியவர்தான்.

பிரகடனத்தைச் சமர்ப்பிக்க நானும் அக்காவும் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். எந்த அலுவலகம், எந்த ஊர் என்பதை விட்டுவிடுகிறேன். அங்கிருந்த உத்தியோகத்தர் நடுத்தர வயதுக்காரர், பொறுமையான மனிதர். கடவுச்சீட்டைப் பார்த்ததும் அவருக்குப் பழைய பழக்கம் வந்துவிட்டது.

"இவர் முதலில் விசா எடுக்க வேண்டும். இத்தனை வருடம் விசா இல்லாமல் இருந்திருக்கிறார். அதைச் சரிசெய்த பிறகு வாருங்கள்."

நான் பையைத் திறந்து சட்டப் பிரதியைத் தேடினேன். தாள்களுக்கிடையில் அது சிக்கவில்லை. அதற்குள் அக்கா பேசத் தொடங்கிவிட்டார். சிங்களத்தில். நண்பர் வாசித்த அதே வரிகளை, அதே வரிசையில். இந்திய வம்சாவளியைச் சேர்ந்தவராக இருந்து, இன்ன திகதியிலிருந்து இங்கே வாழ்ந்து, இந்தியப் பிரஜாவுரிமை கிடைத்தும் போகாமல் தொடர்ந்து இங்கேயே இருப்பவர், தாமாக விரும்புவதாகப் பிரகடனம் செய்தால். "விசாவைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை ஐயா" என்று முடித்தார்.

உத்தியோகத்தர் பேனாவைக் கீழே வைத்தார். "இதை எங்கே படித்தீர்கள்?"

"படிக்கவில்லை. கேட்டேன்."

நான் சட்டத்தை எடுத்து அவர் முன் வைத்தேன். அவர் அந்தப் பிரிவை இரண்டு முறை வாசித்தார். எழுந்து உள்ளே போனார். கால்மணி நேரம் கழித்து இன்னொருவரோடு வந்தார். "இதற்கான சுற்றறிக்கை எங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஆனாலும் சட்டம் இருக்கிறது. கொடுங்கள்" என்று படிவத்தை வாங்கிக்கொண்டு, எங்கள் பிரதியில் முத்திரை குத்திக் கொடுத்தார். குத்திய பிறகு அக்காவைப் பார்த்து, "மன்னிக்க வேண்டும்" என்றும் சொன்னார். அரச அலுவலகத்தில் அந்த வார்த்தையை நான் அதிகம் கேட்டதில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டேன்.

"எப்படிக்கா மனப்பாடம் பண்ணீங்க?"

"மலையில கொழுந்து எடுக்கறப்ப சொல்லிச் சொல்லிப் பாத்தேன் மிஸ். மறந்தா பக்கத்து நெரையில இருக்கற பொம்பளைங்க எடுத்துக் குடுப்பாங்க. இப்ப எங்க மலையில எல்லாத்துக்கும் அந்தப் பிரிவு தெரியும்."

பத்திரம் வர மாதங்கள் ஆயின. வந்தது. அதை வைத்து அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து, பலாங்கொடை ஸ்டூடியோ ஒன்றில் படம் எடுத்தோம். அட்டை கிடைத்த சில வாரங்களில் கீழ்ப் பிரிவு இளைஞன் ஒருவனுக்கு அவர் பிணை நின்றார். நான் வேறு வழக்கில் இருந்ததால் ஜன்னலுக்கு அவரோடு போக முடியவில்லை. தூரத்திலிருந்து பார்த்தேன். அட்டையை நீட்டினார், கையெழுத்திட்டார், நகர்ந்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பதிவாளர் மாறியிருந்தார். புதியவருக்கு அதில் எந்த விசேஷமும் தெரியவில்லை.

அடுத்த வருடம் இரத்தினபுரியில் மாவட்டத்துச் சட்டத்தரணிகளின் கூட்டம் ஒன்று நடந்தது. அண்மையில் வந்த சட்டங்களைப் பற்றி ஒவ்வொருவராகப் பேச வேண்டும். பிரஜாவுரிமைச் சட்டத்தைப் பற்றிப் பேச என்னையும் நண்பரையும் அழைத்திருந்தார்கள். பேச்சைத் தயாரிக்க உட்கார்ந்தபோது நண்பர் சொன்னார்:

"பிரிவுகளை நாம் சொல்லலாம். படிவம் எங்கே எங்கே இடறுகிறது என்பது நமக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அவருக்கு முழுவதும் தெரியும். அவரைக் கூட்டிப் போவோம்."

அந்த ஞாயிறுக்குப் பிறகு அக்கா சும்மா இருக்கவில்லை. பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள். யாருக்கு எந்தக் காகிதம் போதும், எது போதாது என்று அவருக்கு அத்துப்படி. ஆனாலும் நான் தயங்கினேன். கறுப்புக் கோட்டுக்காரர்கள் நிறைந்த மண்டபத்தில் அவரைக் காட்சிப்பொருளாக்கிவிடுவோமோ என்று பயந்தேன். அக்காவிடமே கேட்டேன்.

"அவங்க கேப்பாங்களா?" என்றார்.

"கேப்பாங்கன்னுதான் நெனைக்கிறேன்."

"அப்ப வாறேன்."

என் பேச்சு இருபது நிமிடம். மரியாதையாகக் கேட்டார்கள். இரண்டு பேர் தூங்கினார்கள். பிறகு அக்கா எழுந்து நின்றார். மைக்கை வேண்டாம் என்றுவிட்டார். மலைக்கு மலை கேட்கப் பேசிப் பழகிய குரல். பத்து நிமிடம் சிங்களத்தில் பேசினார். தன் கதையைச் சொல்லவே இல்லை. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு தகப்பன் பெயரும் தங்கைக்கு வேறு தகப்பன் பெயரும் எழுதப்பட்டால் என்ன நடக்கிறது, லயத்தில் பிரசவமாகிப் பதியாமல் விட்ட பிள்ளைக்கு எந்தப் புத்தகத்தைத் தேட வேண்டும், கடவுச்சீட்டை ஒளித்து வைத்துவிட்டுச் சாதாரணப் பிரகடனத்தில் கையெழுத்திட்டால் பிறகு என்ன தொல்லை வருகிறது, இவற்றைத்தான் சொன்னார். கடைசியாக, "பயத்தில் ஒளிக்கிறார்கள் ஐயா. நீங்கள் முதலில் அதைக் கேளுங்கள். அதட்டாமல் கேளுங்கள்" என்றார்.

தூங்கியவர்களில் ஒருவர் விழித்து எழுதிக்கொண்டிருந்தார். மூத்த சட்டத்தரணி ஒருவர் எழுந்து, பதியாத பிள்ளையைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டார். அக்கா பதில் சொன்னார். அவர் இன்னொன்று கேட்டார். அதற்கு, "அது எனக்குத் தெரியாது. நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றார் அக்கா. மண்டபம் சிரித்தது, அவரும் சிரித்தார். தேநீர் இடைவேளையில் என்னைத் தேடி யாரும் வரவில்லை. அவரைச் சுற்றித்தான் நின்றார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாயிரத்து ஒன்பதில் அந்தச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. யுத்தத்தால் இங்கிருந்து அகதியாக இந்தியாவுக்குப் போனவர்களில் இந்திய வம்சாவளி ஆட்கள், நாட்டில் தொடர்ந்து இல்லை என்பதற்காக இந்த உரிமையை இழக்கக் கூடாது என்பது அதன் சாரம். நண்பர் வாசித்து முடித்த அடுத்த வாரம் அக்கா மாடிப்படி ஏறி வந்தார். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறார்.

"மிஸ், எனக்கு ஒரு தம்பி இருக்கான்" என்றார்.

அத்தனை வருடப் பழக்கத்தில் அவர் தம்பியைப் பற்றிப் பேசியதே இல்லை. தமிழருக்கு எதிரான கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் போனவராம். அங்கிருந்து படகில் ராமேஸ்வரம். பிறகு முகாம். கப்பலில் போக வேண்டியவர்களில் ஒருவர் போகாமல் இருக்க, இன்னொருவர் அகதியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறார். அக்கா கடிதம் எழுதினால் எப்போதாவது பதில் வரும்.

மூவரும் உட்கார்ந்து திருத்தத்தைத் தமிழில் எளிதாக எழுதி, என்னென்ன வேண்டும் என்று குறித்து, தம்பிக்கு அனுப்பினோம். பதில் வர இரண்டு மாதம் ஆனது. அக்கா அதை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். தம்பியின் மகள் அங்கே நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்திருக்கிறாள். மகனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. இப்போதைக்கு வர முடியாது. அக்கா மனம் நோகக் கூடாது. சட்டத்தைப் பற்றிய தாளைப் பத்திரமாக வைத்திருப்பதாக எழுதியிருந்தார்.

நான் வாசித்து முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

"வரட்டும், வராம இருக்கட்டும் மிஸ்" என்றார். "வாறதா வேணாமான்னு இப்ப அவன் இஷ்டம். முன்ன அப்படி இல்லியே."

கண்களைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். நண்பர் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து தேநீர் சொல்லியனுப்பினார். குடித்து முடித்ததும், அந்தத் திருத்தத்தின் தமிழ்ப் பிரதி ஒன்று வேண்டும் என்றார் அக்கா. கீழ்ப் பிரிவில் ஒரு குடும்பத்துக்கு முகாமில் ஆள் இருக்கிறதாம். பிரதி எடுத்துக் கொடுத்தேன். பின்னேரக் கொழுந்து நிறுப்பதற்குள் திரும்பிவிடுவதாகக் கங்காணியிடம் சொல்லிவிட்டு வந்திருந்ததால் அவசரமாக இறங்கினார். மாடியிலிருந்து பார்த்தபோது பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையில் இருந்தார். தாளை மடியில் விரித்து, பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பெண்ணுக்கு விரலால் வரி வரியாகக் காட்டிக்கொண்டிருந்தார்.